என்னுடைய டா நாங்

விமான நிலையக் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் என் கடப்பிதழை மூன்று முறை புரட்டினாள். முதல் முறை நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறை என் மனைவி சீதாவிடம், "புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு போல" என்றேன். மூன்றாம் முறை அவள் பக்கத்துக் கவுண்டர்காரியைக் கூப்பிட, இருவரும் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்கள். "சாரி அங்கிள். வியட்நாம் போறதுக்குப் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசம் செல்லணும். உங்களோடது நாலு மாசந்தான் இருக்கு. ஆன்டியோடது ஓகே. அங்கிள் தா போலே லா" என்றாள். முடியாது என்பதை மலாயில் சொன்னால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஒரு வருடத்துக்கு முன் மலிவு விற்பனையில் எடுத்த டிக்கெட். எடுத்த அன்று என் கடப்பிதழுக்கு பதினாறு மாத ஆயுள் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் திறந்தேன். வியட்நாமின் டா நாங் நகரத்தைப் பற்றி யூடியூபில் உள்ள அத்தனை காணொலிகளையும் பார்த்தேன். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்தக் கடையில் தண்ணீர்ப் போத்தல் மலிவு, கடற்கரையில் எந்த நாற்காலிக்குக் காசு கேட்கமாட்டார்கள் என்றெல்லாம் எழுதி நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு நீலக்கோப்பு வைத்திருந்தேன். பெட்டிக்குள் சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, ஒரு போத்தல் நெத்திலிச் சம்பல், பன்னிரண்டு மேகி. அறையிலேயே சமைத்துவிட்டால் சாப்பாட்டுச் செலவே இல்லை. சமைப்பது யார் என்று கோப்பில் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

சீதா மெதுவாகத்தான் கேட்டாள். "நாளைக்கே புதுசு எடுத்துட்டு நீங்க பின்னால வந்துடலாம்ல?"

"அவசரமா எடுத்தா டிக்கெட் விலை என்னான்னு தெரியுமா உனக்கு? அந்தக் காசுக்கு நாலு தடவ போயிட்டு வரலாம்."

நாங்கள் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றோம். பின்னால் இருந்தவர்கள் பெட்டியை உருட்டிச் சத்தம் காட்டினார்கள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைத்தேன். "நீ வேணா போயிட்டு வா, சீதா."

சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டுக்காவது போய்விட்டால், வாங்க சாப்பிடுங்க என்பார்கள். இல்லைங்க, இப்பதான் சாப்பிட்டேன் என்று நாம் சொல்லவேண்டும். அதுதான் முறை. பதிலுக்கு அவர்கள் இன்னொரு தடவை கேட்பார்கள், நாமும் இன்னொரு தடவை மறுப்போம், எல்லோருக்கும் மரியாதை. என் மனைவி உட்கார்ந்து இலையைப் போட்டுக்கொண்டாள். "சரிங்க" என்றாள். முப்பது வருடத்தில் அவ்வளவு சட்டென்று ஒரு சம்மதத்தை அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. கோப்பைக் கையில் கொடுத்து, "ரைஸ் குக்கர் பெட்டியில இருக்கு, மறந்துடாத" என்றேன். சோதனை வாசலில் வளையல்களைக் கழற்றித் தட்டில் போடும் மும்முரத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்தில் கே.எல். சென்ட்ரலுக்குத் திரும்பினேன். அங்கேயே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போயிருக்கலாம். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பக்கத்திலிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளின் ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு, காலையில் இருவரும் பசியாறிய கடையிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர், "என்ன அண்ணே, அக்கா எங்க?" என்றார். "வியட்நாம் போயிருக்காங்க" என்றேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்துவிட்டு ரசம் ஊற்றினார். அந்த நேரத்தில்தான் முதல் படம் வந்தது. விமானத்தின் இறக்கை, அதற்குக் கீழே மேகம். ஜன்னல் இருக்கை என்னுடையது. அந்த ஒன்றுக்கு மட்டும்தான் தனியாகக் காசு கட்டியிருந்தேன். அவளுக்கு நடு இருக்கை. படத்துக்குக் கீழே, "உங்க சீட்டு காலியா இருந்துச்சு, நான் நகந்து உக்காந்துட்டேன். மேகம் நமக்குக் கீழ இருக்குங்க" என்று எழுதியிருந்தாள்.

வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பொறாமை எனக்கு அங்கே தொடங்கியது. சக ஊழியனுக்குப் பதவி உயர்வு கிடைத்தால் பொறாமைப்படலாம், ஊரே ஒத்துக்கொள்ளும். சொந்தப் பெண்டாட்டி மேகத்தைப் பார்த்ததற்கு வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? இருபத்தேழு வருடமாகப் போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை. பனாமா, லைபீரியா, ஹாங்காங் என்று கப்பல்களின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே உலகம் சுற்றியவன் நான். சீதா தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். நான் காணொலி பார்க்கும்போதெல்லாம் அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். "இங்க பாரு, டிராகன் பாலம்" என்பேன். நிமிர்ந்து, "ம்" என்பாள். அவளுக்கு அந்த ஊர் எதற்கு?

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது சூரிய உதயம். எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் விழும், எழாது. எனக்கு ஐம்பத்தாறு வயது. கடலிலிருந்து சூரியன் மேலே வருவதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. டா நாங் கடற்கரை கிழக்கே பார்த்தது. அதற்காகத்தான் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையிலேயே எழுந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நம் நேரப்படி பத்து மணிக்குத்தான் குரல் செய்தி வந்தது.

"என்னங்க, இப்பதான் எழுந்தேன். இங்க ஒம்பது மணி. திரைய இழுத்து விட்டுட்டுப் படுத்தேனா, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். யாருமே எழுப்பல."

தினமும் நாலரைக்கு எழுகிறவள். தீபாவளிக்குக்கூட ஐந்துக்கு மேல் படுத்திருந்ததில்லை. என் சூரியனை விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள்! கோபத்தில் அந்தச் செய்தியை மறுபடி கேட்டேன். கேட்கக் கேட்கக் கோபம் சூரியனைப் பற்றியது அல்ல என்று தெரிந்தது. அந்தக் குரலில் தூக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு குரல் என் வீட்டில் கேட்டதே இல்லை.

பத்து நிமிடத்தில் இன்னொன்று. "ரோட்டோரமா குட்டி நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. ரொட்டிக்குள்ள முட்டைய வச்சு ஒரு அம்மா குடுத்துச்சு. குடிக்கிற கோப்பியில உப்புப் போடுறாங்கங்க, நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டு முடிச்சுத் தட்டக் கழுவப் போனேன், அந்த அம்மா புடுங்கிக்கிச்சு. ஒரே சிரிப்பு." கோப்பின்படி வெள்ளிக்கிழமை பசியாற மேகி. பக்கம் ஒன்பதைப் பார், மலைக் குகைக்குப் போக அங்கிருந்து பேருந்து இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். "பேப்பர் எல்லாம் பெட்டியில இருக்கு. நான் சும்மா நடக்குறேன்" என்று பதில் வந்தது.

சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் ஹாராப்பான் கடலோரத்துக்குப் போனேன். பால் குறைவாகக் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர். தூரத்தில் பாரந்தூக்கிகள். அதைக் கூடிய வரைக்கும் அழகாகப் படம் எடுத்து, "நானும் கடலில்தான் இருக்கிறேன்" என்று அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

வேலைக்குப் போகலாம் என்றால் வெட்கம். நான்கு மாதமாக வியட்நாம் வியட்நாம் என்று கிடங்கையே உயிரெடுத்தவன் நான். விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒளிந்திருந்தேன். சனிக்கிழமை காலை வாசு கூப்பிட்டான், கிடங்கில் என் கீழ் வேலை செய்கிறவன். "எப்படிண்ணே இருக்கு வியட்நாம்?" என்றான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "உப்புக் கோப்பி குடிச்சேன்டா. ரோட்டோரம் குட்டி நாற்காலியில உக்காந்து ரொட்டி. ஒம்பது மணி வரைக்கும் தூங்குறேன்." "குடுத்து வச்சவரு லா நீங்க" என்றான். கைப்பேசியை வைத்த பிறகு திருடியவன் போல வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அன்று மத்தியானம் அந்தக் காணொலி வந்தது. அகலமான சாலை. கணக்கில்லாத மோட்டார்கள், சிக்னல் இல்லை. ஓரத்தில் மஞ்சள் சுடிதாரில் சீதா. கிள்ளான் கடைத்தெருவில் ஒரு சாலையைக் கடக்க என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்கிறவள், ஒரு கையை லேசாக உயர்த்திக்கொண்டு இறங்கி நடக்கிறாள். ஓடவில்லை, நிற்கவில்லை. மோட்டார்கள் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் விலகிப் போகின்றன. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, திரும்பி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பதினொரு தடவை பார்த்தேன். பன்னிரண்டாவது தடவைதான் உறைத்தது. இதை எடுத்தது யார்? இவள் அந்தப் பக்கம் நின்று யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்?

கேட்டேன். "தெரியலங்க, பக்கத்துல நின்ன ஒருத்தர்கிட்ட போனைக் குடுத்தேன்" என்றாள். ஆணா பெண்ணா என்று எழுதி, அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள், "இன்னிக்கு முழுக்கக் கடற்கரைதான். நாளைக்குக் கிளம்பணும்ல" என்று அனுப்பினாள். அதைப் படித்துவிட்டு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "எனக்கு லேசாகக் காய்ச்சல். நீ கவலைப்படாதே" என்று அனுப்பினேன். கவலைப்படாதே என்று எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். அறையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கடல் சும்மா கிடக்கட்டும்.

மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள், அதுவும் எனக்கு அல்ல. பக்கத்து வீட்டு ஆரிஃபா கஞ்சிப் பாத்திரத்தோடு கதவைத் தட்டினாள். நான் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, "வாம்மா, கதவு தொறந்துதான் இருக்கு" என்று முனகினேன். உச்சி வெயிலில், மின்விசிறியைக்கூடப் போடாமல், நல்ல கனமான போர்வை. நெற்றியில் வேர்வை ஓடியது.

"அக்கா போன் பண்ணுச்சுண்ணே. பாவம், அங்கேருந்து தவிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஆரிஃபா என் கக்கத்தில் வெப்பமானியைச் செருகினாள். அது கீச்சிட்டபோது மேசைமேல் என் கைப்பேசியும் அடித்தது. வீடியோ கால். ஆரிஃபாவே எடுத்தாள்.

"முப்பத்தாறு புள்ளி ஏழுக்கா. காய்ச்சல் ஒண்ணும் இல்ல. போர்வைய வேற இழுத்துப் போத்திக்கிட்டு இருக்காரு, வேர்த்துக் கொட்டுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "கஞ்சி சூடா இருக்கு, குடிங்கண்ணே" என்று கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திரையில் சீதாவின் முகம். வெயிலில் கறுத்திருந்தாள். கூந்தலை முடியாமல் விட்டிருந்தாள். காற்று அதைக் கண்டபடி அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க?" என்றாள்.

சொல்வதற்கு நூறு பொய் இருந்தது. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. "பொறாமையா இருக்கு, சீதா" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"நீங்க வேலை விட்டு வந்து கப்பல் கப்பலா கதை சொல்வீங்க. நான் அடுப்புகிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கும் இதேதாங்க இருந்துச்சு. நான் காய்ச்சல்னு படுத்துக்கல."

நான் தலையை ஆட்டினேன்.

"சரி, பாருங்க" என்றாள். படம் குலுங்கி, தலைகீழாகி, நேராகியது. கைப்பேசியைத் திருப்பி எதன்மீதோ சாய்த்து வைத்திருக்கிறாள். நீல நிறத் தண்ணீர். நான் எந்தக் காணொலியிலும் பார்க்காத நீலம். ஓரத்திலிருந்து சீதா உள்ளே வந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. செருப்பு இல்லை. முழங்கால் வரை இறங்கினாள், இடுப்பு வரை இறங்கினாள். "போதும், அதுக்கு மேல போகாத" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினேன். அவள் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் நின்றிருப்பாளா, தெரியாது. என் உள்ளங்கைக்குள் அவள் விரல் நகம் அளவுக்குச் சின்னதாகிவிட்டாள்.

ஒரு பெரிய அலை வந்தது. சீதா ஒரு கையை உயரத் தூக்கினாள். என்னைக் கூப்பிடுகிறாளா, அலைக்குத் தடுமாறுகிறாளா, சொல்ல முடியவில்லை. நான் போர்வையை உதறிவிட்டு என் கையைத் தூக்கி ஆட்டினேன். கேமரா கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, திரை கரைப் பக்கம், என்னை அவளால் பார்க்க முடியாது என்பது ஆட்டிய பிறகுதான் உறைத்தது. கையை இறக்க மனம் வரவில்லை.