முறுகும் இரும்பு

ஆடிக் காற்று கம்பம் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் இவாஞ்சலினின் கைபேசிக்குப் படம் ஒன்று வந்தது. அனுப்பியவன் கணவன் ஆண்டனி ராஜ். காமயகவுண்டன்பட்டியில், ஈஸ்வரபாண்டியின் திராட்சை பேக்கிங் ஷெட்டில் மேற்பார்வை பார்க்கிறவன். கூரையிலிருந்து புதிதாகத் தொங்கவிட்ட பெரிய கூலர் மிஷினைப் பெருமையாகப் படம் பிடித்திருந்தான்.

அவள் கண் மிஷினில் நிற்கவில்லை. அதைத் தாங்கிய பர்லினில் போய் நின்றது. தகரத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் அந்த மெல்லிய இரும்புச் சட்டம் நடுவில் லேசாகத் தலை சாய்ந்திருந்தது.

மெல்லிய தகட்டை மடித்துச் செய்யும் சட்டங்கள் எப்படி வளையும், எப்படி முறுகும் என்று கணினியில் மாதிரி செய்து பார்ப்பதுதான் அவள் தொழில். கோவை நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே செய்துவந்தாள். போனில் ஆண்டனியிடம் அளவுகளைக் கேட்டு வாங்கி மாதிரியில் ஏற்றினாள். சாதாரண உத்திரமாகக் கணக்கிட்டபோது தாங்கும் என்று வந்தது. மூச்சு விட்டாள்.

ஆனால் அது மூடிய குழாய் இல்லையே. ஒரு பக்கம் வாய் திறந்த சட்டம். தீப்பெட்டி உறை விறைப்பாக இருக்கும். ஓரத்தை நீளவாக்கில் கிழித்துவிட்டால் விரலுக்குள்ளேயே திருகிக்கொள்ளும். பளுவும் கீழ் விளிம்பின் ஓரத்தில்தான் தொங்கியது. திருகலையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். திரையில் சட்டம் மெல்லப் புரண்டது, விளிம்பு மடிந்தது, பிறகு, இனித் தாங்காது என்பதுபோல், கணக்கு பாதியிலேயே நின்றுபோனது. காற்றை அவள் இன்னும் சேர்க்கவேயில்லை.

ஆண்டனியை மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். வழியெல்லாம் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன.

ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழத்தை டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டனி ஏணிமேல் நின்று மிஷினுக்கு ஒயர் முடுக்கிக்கொண்டிருந்தான். இவாஞ்சலின் ஈஸ்வரபாண்டியிடம் போய், மேலே சட்டம் முறுகுகிறது, எல்லாரும் வெளியே வர வேண்டும் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. வெல்டர்கள் இன்னும் ரெண்டு மிஷின்கூடத் தாங்கும் என்றுதான் சொன்னாக என்றார். பழம் வாடுவதற்குள் லாரி ஏற்ற வேண்டும் என்றார். ஆண்டனியோ முதலாளி முன்னால் கூசிப்போய், "நீ வீட்டுக்குப் போ, இவா. சாயங்காலம் பேசிக்கிருவோம்" என்றான்.

காற்று ஒன்று வந்து கூரையை அறைந்தது. மிஷினை மாட்டிய போல்ட்டுக்கு மேலே இரும்பு கிரீச்சிட்டது. அது புரள்வதை அவள் பார்த்தாள், ஒரு விரல்கடை. வேறு யாரும் நிமிரக்கூட இல்லை.

"தரையில கரண்டு பாயுது. எல்லாரும் வெளிய ஓடுங்க!"

எப்படி அந்தப் பொய் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. முறுகலை நம்பாதவர்கள் கரண்டை நம்பினார்கள். அன்னத்தாய் என்ற கிழவிதான் முதலில் எழுந்தாள். பின்னாலேயே எல்லாரும் டிரேக்களைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஆண்டனி ஏணியிலிருந்து குதித்தான்.

ஈஸ்வரபாண்டி மட்டும் வெளியே வரவில்லை. மெயினை அணைக்க உள்ளே ஓடினார். சுவிட்ச் போர்டு கடைசிச் சுவரில், மிஷினையும் தாண்டி இருந்தது.

இவாஞ்சலின் வாசலை நோக்கித் திரும்பி ஓடினாள். "கரண்டு இல்லண்ணே, பொய் சொன்னேன், வந்துருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தகரத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. அவள் வாசலைத் தாண்டுமுன் ஆண்டனி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் பர்லின் முழுசாகப் புரண்டு மடிந்தது. மிஷின் ஒரு பக்கமாகச் சரிந்து, தகரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

தூசி அடங்கியபோது முனகல் கேட்டது. அடுக்கியிருந்த டிரேக்கள்மேல் மிஷின் தாங்கி நின்றிருந்தது. ஈஸ்வரபாண்டியின் ஒரு கால் மட்டும் அடியில் சிக்கியிருந்தது. பெண்களும் ஆண்டனியும் தூக்க, அவரை இழுத்தெடுத்தார்கள். திராட்சைச் சாறும் ரத்தமும் எது எதுவென்று தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் அவளிடம் கேட்டார்: "கரண்டுன்னு ஏன்த்தா சொன்ன? அதுக்குத்தான உள்ள போனேன்."

"முறுகுதுன்னு சொன்னேனேண்ணே. யாரும் எந்திரிக்கலையே."

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் ஆண்டனியும் மாதா கோயிலுக்குப் போனார்கள். முகப்பில் புதிதாகத் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்டனி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் பந்தலுக்குக் கீழே கால் வைக்காமல் வெயிலில் நின்றிருந்தாள். கூப்பிட்டான். தலையை மட்டும் ஆட்டினாள். பூசை முடியும்வரை அங்கேயே நின்றாள்.