மஞ்சள் கிரீஸ்

செத்துப்போன அறிவைக் குளிப்பாட்டப் பெஞ்சு வேண்டும் என்றார்கள். ஷெட்டில் கிடந்த பெஞ்சின் மேலிருந்த ஸ்பானர்களைப் பொன்மணிதான் எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த வீட்டில் பொண்டாட்டி செய்கிற வேலையா இது? ஆனால் அந்த ஷெட்டில் எது எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்குத் தெரியும்!

கிரீஸ் டப்பாக்களைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று ராயப்பேட்டையிலிருந்து அவளே வாங்கிவந்த நீல கிரீஸ் டப்பாவின் சீல் உடையவே இல்லை. மஞ்சள் கிரீஸில் ஒரு கை அள்ளிய பள்ளம்.

நீலம் சக்கரத்து பேரிங்குக்கு, சூடு தாங்கும். மஞ்சள் வண்டியின் அடிப்பாகத்துக்கு. சூடு கண்டால் தண்ணீராய் ஓடிவிடும்; பேரிங் காய்ந்து ஓட்டத்திலேயே சக்கரம் இறுகிவிடும். சைதாப்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ரிப்பேர் பார்த்தவன் இதை மாற்றிப் போடுவானா? நேற்று சாயங்காலம் அன்வர் பாஷாவின் ஆட்டோவுக்கு முன்சக்கரத்தை மாட்டிவிட்டு, நெஞ்சு எரியுது என்று வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. வேலை செய்யும்போதே கண் இருட்டியிருக்கிறது. பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா?

வாசலில் அன்வர் பாஷா அழுதுகொண்டிருந்தான். "அறிவண்ணன் கை வச்சா அப்பீலே கெடையாது அண்ணி. நான் சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்து, அப்டியே வண்டிய எட்த்துக்கினு செங்கல்பட்டு போணும். பொண்ணையும் கொழந்தையையும் இட்டாரணும்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பாடையில் ஏறப்போகிறவனை, கடைசி வேலையில் கோட்டை விட்டான் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அந்த வண்டியில் பச்சைக் குழந்தை வரும்.

"போய்ட்டு வா பாய். வண்டி ரெடியா இருக்கும்," என்றாள்.

பிணம் தெரு திரும்பியதும் நாத்தனார் ஜானகி வாசலைக் கழுவிவிட்டுக் குளிக்கக் கூப்பிட்டாள். பொன்மணியோ ஆட்டோவுக்கு ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, புத்தி கித்தி பெரண்டுச்சா? தலைக்கு ஊத்திக்க வா."

"செத்த நேரம் இரு ஜானகி. அப்பால இன்னா வேணா திட்டு."

சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினாள். ஒரு பொட்டு மஞ்சள் ஒட்டியிருந்தாலும் நீலத்தோடு கலந்து கூழாகிவிடும். துடைத்தால் முழுசாகத் துடைக்க வேண்டும். நீல கிரீஸை உள்ளங்கையில் வைத்து, குண்டுகளுக்கு நடுவே ஏறும்வரை அழுத்தினாள்.

கடைசியில் சக்கரத்து மூடி. அதன் உள்ளே அப்பியிருந்த மஞ்சளில் அறிவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. என்றோ நுனி வெட்டுப்பட்ட விரலின் பாதி ரேகை. காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் ஏங்கி ஏங்கி அழுதாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்வர் பாஷா ஷெட்டு வாசலில் வந்து நின்றான். திறந்திருந்த நீல டப்பாவைப் பார்த்தான். துணியில் அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்தான். இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியவனுக்குப் புரியாதா?

பொன்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நட்டு கொஞ்சம் லூசு பாய். வேற ஒண்ணுமில்ல."

"அதான. அண்ணன் வேலைல இன்னா கொற இருக்கப் போவுது." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் வெளிய நிக்கிறேன். மெதுவா மாட்டு அண்ணி."

பொன்மணி மூடியை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு சுத்தமான துணி ஒன்றை எடுத்து, உள்ளே விட்டு, ஒரு சுற்று சுற்றித் துடைத்தாள்.