ரிஃபத்துக்கு ஒரு கபர்

கோட்டைமேட்டு இல்யாஸ் ஹஜ்ரத் முப்பது வருடமாக இமாம். ஆனாலும் கோயம்புத்தூரைத் தாண்டி அவர் பேர் பரவியது தொழுகை நடத்தியதால் அல்ல, குர்ஆன் ஓதியதால். உக்கடம் மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரின் மகன் அவர். பன்னிரண்டு வயதில் முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்தவர். இருபத்தாறில் மலேசியாவில் நடந்த ஓதும் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கி வந்தபோது, மாலையோடு இருநூறு பேர் ரயில் நிலையத்தில் நின்றார்கள்.

அதன் பிறகு திருப்பூரில், ஈரோட்டில், வெள்ளகோவிலில் எதைத் திறந்தாலும் அவர்தான் வேண்டும் என்றார்கள். ஜவுளிக்கடை, மருத்துவமனை, பனியன் கம்பெனி முதலாளியின் மகள் கல்யாணம், எல்லாவற்றிலும் பத்து நிமிடம் ஓதுவார். கூட்டம் கண்ணீர் விடும். சால்வை போடுவார்கள். அப்புறம் ரிப்பன் வெட்டுவார்கள், பிரியாணிக்குப் போவார்கள். ஓதியது என்ன சொல்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஹஜ்ரத்தும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் புதுப் பள்ளிவாசல் திறப்பு. எண்ணெய் மில் வைத்திருக்கும் ஹாஜி அப்துல் நாசர் ஜமாத் தலைவராக இருந்து நான்கு வருடம் அலைந்து கட்டிய பள்ளி. ஹஜ்ரத் காரை விட்டு இறங்கும்போது, வாசலுக்கு வெளியே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் குத்தவைத்திருந்தாள்.

அவர் பேர் வெங்கடபதி, பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். அவர் தறியில் வேலை பார்த்த ரிஃபத் என்கிற பீகார்க்காரன் மஞ்சள்காமாலை முற்றி வெள்ளிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். அந்தப் பெண் அவன் மனைவி ருக்சானா. உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், சீக்கிரம் அடக்கினால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் இந்த ஜமாத்து தன் மையவாடியில் குழி வெட்ட இடம் தரவில்லை. மூன்று தடவை கேட்டும் இல்லை என்றுவிட்டார்கள்.

“எங்கவிய வழக்கப்படி எரிச்சுப்போடலாமுங்க. அது கூடாதுன்னு இந்தப் புள்ள அழுவுது” என்றார் வெங்கடபதி. “உங்க ஆளுக்கு உங்க சுடுகாட்டுல எடங்கேட்டு நான் நிக்கறேனுங்க. இதுக்கு மேல நான் ஆருகிட்டப் போயிக் கேக்கட்டுமுங்க?”

ஹஜ்ரத்துக்கு முகம் சுட்டது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தைக்கு அவர் கூசி நின்றதில்லை.

உள்ளே போய் நாசரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நாசர் கெட்ட மனிதர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மையவாடி சின்னது. சுற்றிலும் தறியிலும் கோழிப்பண்ணையிலும் வடக்கத்தி ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இன்றைக்கு ஒருத்தனுக்குக் கொடுத்தால் நாளைக்கு நாற்பது வரும். யார் எவர் என்று தெரியாது. அவன் ஊர் ஜமாத்திலிருந்து கடிதம் வரட்டும்.

“ஒரு கடுதாசிக்காக மையத்து ரெண்டு நாளா ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்குதுங்களா?”

“திறப்பு முடியட்டுங்க ஹஜ்ரத். நாளைக்கு உக்காந்து பேசிக்கலாமுங்க. எம்.எல்.ஏ. வேற வந்துட்டாருங்க.”

ஹஜ்ரத்தை மேடைக்கு அழைத்துப் போனார்கள். புதுக் கம்பளத்தின் வாசனை. எட்டு ஒலிபெருக்கிகள் தெருவைப் பார்த்திருந்தன. முன்வரிசையில் பல பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் கண்ணை மூடினார். எப்போதும் இந்த நொடியில் முதல் வசனம் தானாக நாக்குக்கு வரும். இன்றைக்கு வந்தது கோபம்தான். நாசர் மேல் மட்டும் இல்லை. இத்தனை வருடம் ரிப்பனுக்கு முன்னால் ஓதிய தன் தொண்டை மேலும்தான்.

“நான் ஓதப்போறதில்லீங்க” என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. அவர் ரிஃபத்தைப் பற்றிச் சொன்னார். வாசலில் நிற்கிறவர் யார், எத்தனை தடவை வந்தார், என்ன பதில் கிடைத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். ஹஜ்ரத் நிறுத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினார். மூச்சைப் பழக்கிய நெஞ்சு என்பதால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“ஒரு மையத்த அடக்காம உட்டா ஊரு பூராவுமே குத்தவாளி. இது நான் சொல்றதில்லீங்க, மார்க்கம் சொல்றது. பளிங்குக்கல்லுப் போட்டு பள்ளி கட்டிப்போட்டோம். செத்தவனுக்கு மண்ணு இல்லேங்கறோம். இங்க நின்னு ஓத எனக்கு வாய் வரலீங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றவங்க வாங்க.”

வெளியே நடந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில்தான் எண்ணினார். வந்திருந்தது ஒன்பது பேர்.

அந்த ஒன்பது பேரும் அவருமாக ரிஃபத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றினார்கள். முப்பது வயதுகூட இருக்காது. விரல்களில் இன்னும் தறி எண்ணெய்க் கறை. ஹஜ்ரத் அதைத் தேய்த்தார், போகவில்லை.

ஆம்புலன்ஸ் மையவாடிக்கு வந்தபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி ஜமாத் செயலாளர் வீட்டில். செயலாளர் கைப்பேசியை எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வந்தவர்களில் இருவர் பூட்டை உடைத்துவிடலாம் என்றார்கள். ஹஜ்ரத் கூடாது என்றார். உடைத்தால் நாளைக்குப் பூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், ரிஃபத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவர் கேட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வெங்கடபதி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “என்ற தோட்டம் ஆறு ஏக்கரா இருக்குதுங்க. ஒரு ஓரத்துல அடக்கிப்போடலாமுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க மனசு பெருசுங்க. ஆனா மையவாடி இருக்கறப்ப இவன உங்க தோட்டத்துல வெச்சா, இவன் எங்க ஆளே இல்லேன்னு நாங்களே எழுதிக்குடுத்த மாதிரி ஆயிரும். அது மட்டும் வேண்டாமுங்க.”

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது செயலாளரின் மனைவி ஆமினா பீவி. கையில் பெரிய சாவிக்கொத்து. சமையல் பாதியில் அப்படியே வந்திருக்கிறார், முந்தானையில் மஞ்சள் அப்பியிருந்தது.

“எது மையவாடிச் சாவின்னு எனக்குத் தெரியலீங்க ஹஜ்ரத். ஊட்டுல இருந்த எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்” என்றார். பிறகு ருக்சானா பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஆறாவது சாவிக்குப் பூட்டுத் திறந்தது.

குழியை அவர்களே வெட்டினார்கள். வெங்கடபதியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரை பிடித்தார். பள்ளிவாசலிலிருந்து இன்னும் ஒரு இருபது பேர் வந்து சேர்ந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்கள். ஹஜ்ரத் முன்னால் நின்று ஜனாஸா தொழுகை நடத்தினார். அந்தத் தொழுகையில் ஓதுவது வெளியே கேட்காது. மனதுக்குள்தான் ஓதவேண்டும். நாடெல்லாம் காசு கொடுத்து அழைத்த குரலை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகத் தான் ஓதியதே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த மாதங்களில் அவர் பட வேண்டியதைப் பட்டார். திறப்பு விழாவைக் கெடுத்தவர் என்று கோட்டைமேட்டுப் பள்ளிக்குப் புகார் போனது. பாதியில் வெட்டிய வீடியோ ஒன்று கைப்பேசிகளில் சுற்றியது. அதில் அவர் ஓதமாட்டேன் என்பது மட்டும் இருந்தது, ஏன் என்பது இல்லை. ரம்ஜானுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்த மூன்று ஊர்கள், வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொல்லின. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. வீட்டில் மனைவி ரம்ஷா கேட்டபோது, “கடைத் திறப்பு இல்லேன்னா செத்தா போயிருவோம்?” என்றார். ரம்ஷா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதை இருபது வருடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார்.

நாற்பதாம் நாள் ருக்சானா கபரைப் பார்க்கவேண்டும் என்றாள். வெங்கடபதியின் வண்டியில் ஹஜ்ரத்தும் சேர்ந்து மூவரும் போனார்கள். மையவாடி கேட்டில் பளபளவென்று ஒரு புதுப் பலகை. ‘ஜமாத் உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று பச்சை எழுத்தில்.

ருக்சானாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஹஜ்ரத் சொல்லவில்லை. வெங்கடபதியிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று கேட்டார். தறிக்காரர் வண்டியில் அது இல்லாமல் இருக்குமா? நான்கு திருகாணியையும் ஹஜ்ரத்தே கழற்றினார். பலகையைக் கையில் இடுக்கிக்கொண்டு நேரே எண்ணெய் மில்லுக்குப் போனார். நாசரின் மேசைமேல் வைத்தார்.

“இத நான்தான் கழட்டினேனுங்க. போலீசுல சொல்றதுன்னா என்ற பேரச் சொல்லுங்க.”

நாசர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஹஜ்ரத் டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அந்தப் பலகையை அதற்கப்புறம் யாரும் மாட்டவில்லை. தை மாதம் கோழிப்பண்ணையில் இறந்த ஒரு அசாம்காரனை, கடிதம் எதுவும் கேட்காமல், ரிஃபத்துக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள். ஹஜ்ரத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. வெங்கடபதிதான் போன் செய்து சொன்னார்.