புறங்கையில் ஒரு தட்டு

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கம்பத்தில் ஒரு பெண்கள் மதரஸாவின் ஆண்டு மலருக்கு, 'குர்ஆனைத் திறம்பட மனனம் செய்வது எப்படி' என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். மூன்று குறிப்புவரை ஒழுங்காகத்தான் போனது. கடைசிவரை ஒரே பிரதியில் ஓதுங்கள், பக்கம் கண்ணுக்குப் பழகும். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஓதுங்கள். ஓதுவதைக் கேட்க ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள்.

மூன்றாவது குறிப்பில் மெஹர்பானு வந்து உட்கார்ந்துகொண்டாள். கட்டுரை அதோடு சரி.

2

அடித்த தொடக்கங்கள்:

'மெஹர்பானு கொடுத்துவைத்தவள்.' (பொய்.)

'திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, மேகமலையின் அடிவாரத்தில்' (சுற்றுலாக் கையேடு.)

'அபுதாகிருக்கு மறதி வந்த அன்று' (என்று? அதுதானே யாருக்கும் தெரியவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அபுதாகிர் திராட்சைக்கு அட்டைப்பெட்டி விற்பவர். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ். மெஹர்பானு அவர் மனைவி. இருபத்தாறு வருடமாகக் காலையில் அவர் ஓதுவார், அவள் பிரதியைப் பார்த்துப் பிழை சொல்வாள். பார்த்துப் பார்த்தே முப்பது ஜுஸ்வும், அதாவது முப்பது பாகமும், அவளுக்கும் மனனமாகிவிட்டது. அவளை ஹாபிழா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. (எனக்குக் கோபமாக வருகிறது. அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.)

3

போன வருடம் அபுதாகிர் ஸ்கூட்டரை உத்தமபாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து, வண்டி களவு போய்விட்டதென்று தெருவையே கூட்டினார். அடுத்து ஓதலிலும் ஓட்டை விழுந்தது.

"அந்தப் பக்கத்த மறுபடி ஓதுங்க."

"ஓதிட்டேனே."

"அது வேற சூரா. பத்து ஜுஸ்வு தள்ளிப் போயிட்டீக. இந்த வருசம் தராவீஹ்க்கு வேற ஆளச் சொல்லுவமா?"

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் பழைய பக்கத்துக்கே பிரதியைத் திருப்பினாள். ரமளான் மாதம் பெண்களுக்கு அவர்தான் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையைத் தொழவைப்பார், இரவுக்கு ஒரு பாகம். திரைக்கு அந்தப் பக்கம் அவர் ஒருவர். இந்தப் பக்கம் எழுபது பெண்கள்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: தொழவைப்பவர் தவறினால், பின்னால் நிற்கும் ஆண் வாய்விட்டு உணர்த்துவார். பெண் வலக்கையால் இடது புறங்கையில் தட்டுவாள். தட்டினால் பிழை என்று தெரியும். சரியான வசனம் எதுவென்று தெரியாது.)

4

ஒன்பதாம் இரவு. மூஸா நபியிடம் தோற்ற சூனியக்காரர்கள் இறைவனை ஏற்றுக்கொள்ளும் இடம். அதே சொற்கள் பத்து பாகம் தள்ளி இன்னோர் அத்தியாயத்திலும் வருகின்றன. அபுதாகிர் அங்கே தாவிவிட்டார். அந்த அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் எட்டு இடங்களில் திரும்பத் திரும்ப வரும். அதற்குள் போய் மாட்டிக்கொண்டார். முடித்தார், மறுபடி அதையே எடுத்தார். மறுபடி. மறுபடி.

வரிசையில் பல பெண்கள் அழுதார்கள். மனிதர் உருகி ஓதுகிறார் என்று நினைத்தார்கள், பாவம். மெஹர்பானுவுக்கு மட்டும் அவர் எங்கே மாட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

5

முடிவு அ: அவள் தட்டுகிறாள். அவர் சுதாரித்துச் சரியான இடத்துக்கு வருகிறார். (மலருக்கு ஏற்றது.)

முடிவு ஆ: வழக்கத்தை மீறி அவளே வசனத்தை எடுத்துக்கொடுக்கிறாள். எழுபது பெண்களும் அவள் ஓதுவதை முதன்முதலாகக் கேட்கிறார்கள். (எனக்குப் பிடித்தது. நடக்கவில்லை.)

முடிவு இ: தட்டுவதற்காக அவள் கையை எடுத்தாள். பக்கத்தில் நின்ற

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை இங்கேயே விட்டிருக்கிறேன்.

6

முதல் வரைவில் அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். கதைக்கு அவசியமில்லை என்று எடுத்துவிட்டேன். எடுத்தவள் நான். அந்த மகளும் நான்தான்.

அம்மாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். தட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அத்தாவின் மானம் போய்விடும் என்று பிடித்தேன். என் தொழுகை அங்கேயே முறிந்தது. அம்மா ஒருமுறை இழுத்தாள். நான் விடவில்லை.

அத்தா இன்னும் நான்கு சுற்று ஓதினார். குரல் கம்மியது. நின்றது. பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து, தொழுகையில் நிற்பதே மறந்து, சமையல்கட்டில் கேட்பதுபோல் கேட்டார்:

"மெஹரு, அடுத்து என்ன?"

எழுபது பேர் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு அத்தா ஓதவே இல்லை. காலையில் அம்மா மட்டும் பிரதியை விரித்துவைத்து அவர் எதிரில் உட்கார்கிறாள். அந்த இரவைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினாள்.

"உன்னையத் தப்புச் சொல்லல. ஆனா ஒரு தட்டுக்கு ஒங்க அத்தா நின்னிருப்பாக. எல்லாரும் தூக்கத்துல பிசகுதுன்னு நெனச்சிருப்பாக."

மலருக்கு எதையும் அனுப்பவில்லை. முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அ-வோ ஆ-வோ. எதை எடுத்தாலும், முதலில் அவள் மணிக்கட்டிலிருந்து என் கையை விலக்க வேண்டியிருக்கும். எழுதிப் பார்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை.