சிவப்பாக நின்ற வரி

இணைப்பறையில் இருந்தவர்கள்: இசக்கியம்மாள், இசக்கியம்மாளின் கிளை, குமாஸ்தா ஞானதிரவியம். வெளியே நடைபாதையில் அண்ணன் சங்கரபாண்டி.

நிரல் எழுதக் கற்றுத்தரும் அந்த நிலையத்தில் எல்லாரும் முதலில் தங்களைத்தான் கிளைத்துப் பழக வேண்டும். ஆறு வாரம் முன்பு இசக்கியம்மாள் இரண்டானாள். ஒருத்தி விடுதியில் தங்கினாள். மற்றவள் ஊருக்குப் போனாள். இன்று இருவரையும் ஒன்றாக்க வேண்டும்.

ஆறு வாரமும் வரிவரியாகத் திரையில் ஓடியது. விடுதியில் இருந்தவள் தெலுங்கு படித்திருந்தாள். ஊருக்குப் போனவள் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாள். இரண்டும் மோதாமல் சேர்ந்தன. தெலுங்கு தெரிந்தவளின் பல் காணாமல் போனது.

ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது.

“முரண்பாடு,” என்றார் ஞானதிரவியம். “அம்மா காரியத்துக்கு வராத அண்ணங்கிட்ட போன்ல ஆளுக்கொண்ணு சொல்லியிருக்கீங்க.”

“வீட்டுப் பக்கம் வந்தா கால ஒடிப்பேன்னேன்,” என்றாள் விடுதியில் இருந்தவள்.

“எனக்குக் கோவமே கிடையாதுன்னேன்,” என்றாள் ஊருக்குப் போனவள்.

“பொய்யி.”

“அவன் அழுதாம்ளா. வேற என்னத்தச் சொல்ல?”

“ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க,” என்றார் குமாஸ்தா. “நேரமாக ஆக அவரு தூரமாப் போறாரு.”

சங்கரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். நடைபாதைதான் நீண்டுகொண்டிருந்தது. அவன் ஏற்கெனவே தீப்பெட்டி உயரத்தில் இருந்தான். அது இன்னும் கொஞ்சம் நீண்டால் தெரியமாட்டான்.

“ரெண்டையும் வச்சுக்கிட்டா?” என்றாள் ஊருக்குப் போனவள்.

“போன வாரம் ஒருத்தர் வச்சாரு. இப்ப அவருக்கு ரெண்டு வலது கை. ஒண்ணையொண்ணு குலுக்கிக்கிட்டே இருக்கு.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அந்த வரியில் இருந்த இரண்டு பதில்களையும் அழித்தார்கள்.

குமாஸ்தா எழுந்துவிட்டார். “என்னம்மா செய்யுதீங்க!”

“புதுசா எழுதக் கூடாதா?”

அவர் கையேட்டை முழுக்கப் புரட்டினார். “கூடாதுன்னு இல்ல. யாரும் கேட்டதும் இல்ல.”

ஒருத்தி சொன்னாள், ஒருத்தி தட்டினாள்: ‘கோவம் இருக்கு. உள்ள வா.’

சிவப்பு அணைந்தது. இருவரின் நாற்காலிகளில் ஒன்று காலியானது. ஞானதிரவியம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வீட்டுக்குப் போனார்.

நடைபாதை சுருங்கியது. சங்கரபாண்டி வந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டான்.

“எவ்வளவு கோவம்ளா?”

“கேட்டு முடிக்க ஒரு வாரம் ஆவும்.”

“பத்து நாளைக்குத் துணி எடுத்தாந்திருக்கேன்.”

அவன் உள்ளே வந்தான். இசக்கியம்மாள் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.