பத்தாவது தலை

சுலோசனா டீச்சர் மாயவரத்திலிருந்து சித்தூருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வந்து ஒன்பது வருஷமாகிறது. வந்தபோது இது மதராஸ் ராஜ்யம். அப்புறம் ஆந்திர ராஜ்யம் என்றார்கள், பிறகு பெயர் இன்னும் நீண்டது. இப்போது எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று பேச்சு. டீச்சர் என்னவோ அதே தெருவில் அதே ஒற்றை அறையில்தான் இருந்தாள். ஆனாலும் மாயவரத்துச் சொந்தங்கள், “உங்க தேசத்துல மழை உண்டா?” என்று கடிதத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கட்டியவன் மிலிட்டரியில் இருப்பதாக டீச்சர் சொல்வாள். பம்பாயில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று தெருவுக்குத் தெரியும். தெரிந்தும், “லீவு கிடைக்கலையாமா?” என்று கேட்கிற நாகரிகம் தெருவுக்கு உண்டு.

லீவு என்றால் டீச்சர் அண்ணன் வீட்டுக்குப் போவாள். அவள் வருகிற தேதி தெரிந்ததும் அண்ணி வேலைக்காரியை நிறுத்திவிடுவாள். பத்து நாளோ ஒரு மாதமோ, பாத்திரம் துலக்கி, ஏழு பேருக்கு வடித்துக்கொட்டி, கை விரலெல்லாம் வெடித்துத் திரும்புவாள். திரும்பி வரச் சித்தூர் இருக்கிறது என்பதால்தான் அதையும் தாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தசரா லீவுக்கு நாலு நாள் முன்பு தலைமையாசிரியை வெங்கடம்மா கூப்பிட்டுச் சொன்னார்: “வியாழக்கிழமை, லீவு விடற அன்னிக்கு, இன்ஸ்பெக்டர் வராரு. உங்க நாலாங்கிளாஸ் தமிழ் செக்‌ஷன்ல தலை எண்ணுவாரு. பத்து இருந்தா செக்‌ஷன் இருக்கும். கொறைஞ்சா பிள்ளைங்களைத் தெலுங்குக்கு மாத்திடுவாங்க.”

டீச்சரை எங்கே மாற்றுவார்கள் என்று அந்தம்மாள் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

ரிஜிஸ்டரில் சரியாகப் பத்துப் பேர். ஆனால் செவ்வாய்க்கிழமை பெஞ்சில் ஒன்பதுதான். வராதது தாட்சாயணி, நகரியிலிருந்து வந்து குடியேறிய நெசவுக்காரர் செங்கல்வராயனின் மகள். பள்ளி விட்டதும் டீச்சர் அந்த வீட்டுக்கு ஓடினாள். பூட்டு. பக்கத்து வாசலில் கமலம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் எது நடந்தாலும் அவளுக்குக் கீரை ஆய வேண்டியிருக்கும்.

“திருப்பதி போயிட்டாங்கோ டீச்சரம்மா. பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ வேண்டிக்கினது. முடி எறக்கிட்டு, திருச்சானூர் எல்லாம் பாத்துக்கினு வெள்ளிக்கிழமைதான் வருவாங்க. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

சும்மா என்பதைச் சும்மா விடுகிறவள் இல்லை கமலம்மா. புதன்கிழமை விடியற்காலை, வயிற்றுவலி என்று வெங்கடம்மாவுக்குச் சீட்டு அனுப்பிவிட்டு, மாற்றுப்புடவைப் பையோடு டீச்சர் திருப்பதி பஸ்ஸில் ஏறும்போது, பால் செம்போடு எதிரே வந்து நின்றாள்.

“இன்னா டீச்சரம்மா, ஊருக்கா? லீவு வுடறதுக்கு முன்னாடியேவா?”

உண்மையைச் சொன்னால் தலைக்கணக்கு விவகாரம் மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவி, இருக்கிற ஒன்பது வீட்டாரும் மூழ்குகிற செக்‌ஷன் எதற்கு என்று தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். டீச்சர் “ஆமாம்” என்றாள்.

மலைமேல் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். புரட்டாசிக் கூட்டம். முடி இறக்குகிற இடத்துக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தாட்சாயணி என்றால் அவளுக்கு இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனும். இங்கே திரும்பின பக்கமெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள். ஒரு மொட்டையைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். பையன். அவன் தாயார், “எவரம்மா நுவ்வு?” என்று தெலுங்கில் யாரென அதட்டி, அவனை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவளைப் பார்க்கிற பார்வை அது.

நாலு இடத்தில் தேடினாள். மூன்று மணியாயிற்று. கடைசியில் ஒரு படிமேல் ஏறி நின்று, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில், “தாட்சாயணி!” என்று கத்தினாள். கூட்டம் திரும்பியது. அவமானம் பிடுங்கித் தின்றது. இரண்டாம் தரமும் கத்தினாள்.

“உள்ளேன் டீச்சர்” என்றது ஒரு மொட்டை, பதறிப்போய், கையில் லட்டோடு.

“இன்னா டீச்சர், கிளாஸை மலை மேல வெச்சிக்கினீங்களா?” என்றார் செங்கல்வராயன். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மனைவி பொன்னியம்மாள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “அடுத்த வருஷம் தெலுங்குல போட்டுடலாம்னு இவரு சொல்லிக்கினு இருந்தாரு டீச்சர். நீங்க இம்மாந்தூரம் வந்துட்டீங்க” என்றாள்.

“அது அடுத்த வருஷம்” என்றார் அவர். “தரிசனம் ஆயிப்போச்சி. இட்டுக்கினு போங்க. நாளைக்கு சாயந்திரம் கீழ சத்திரத்துல கொண்டாந்து வுட்ருங்க.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் சித்தூரில் இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தாள். பெஞ்சில் நாலு பேர்.

“மத்தவங்க எங்கே?”

“நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு கமலம்மா சொன்னாங்க டீச்சர்” என்றாள் முன்பெஞ்சு ரத்தினம்மா. “டீச்சரே போயிட்டா இன்னா ஸ்கூலுன்னு எல்லாரும் நேத்தே கெளம்பிட்டாங்கோ. எங்களுக்குப் போறதுக்கு ஊரு இல்ல, அதான் வந்தோம்.”

இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு. டீச்சர் ஐந்து வீட்டுக்கும் ஓடினாள். நாலில் பூட்டு. ஐந்தாவது வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பெண்ணுக்கு அம்மை. அதைப் பார்த்த பிறகும் டீச்சர் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. கதவைத் தட்டக் கையைக்கூடத் தூக்கினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று எதிர்வீட்டில் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் நல்ல மனுஷன். நாற்காலிகூட வேண்டாமென்று நின்றபடியே எண்ணினார். எண்ண என்ன இருக்கிறது, ஐந்து.

“ரிஜிஸ்டர்ல பத்து சார். லீவு கிட்ட வந்ததால கிளம்பிட்டாங்க. திறக்கிற அன்னிக்கு ஒரு தடவை வாங்க சார்.”

“ரிப்போர்ட் இன்னிக்கே போவணும்மா. நானும் தமிழ்க்காரன்தான், புத்தூர். கண்ணு முன்னால இருக்கற தலையைத்தான் எழுத முடியும்.”

“உங்க பிள்ளைங்க எதுல படிக்கிறாங்க சார்?”

கேட்டிருக்கக் கூடாது. வெங்கடம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு, அந்த மொட்டைப் பெண்ணின் கன்னத்தைத் தட்டி, “திருப்பதி மொட்டையா?” என்று தெலுங்கில் கேட்டார். அவள் தெலுங்கிலேயே கணீரென்று பதில் சொன்னாள். அவர் மெச்சிக்கொண்டார்.

இரண்டு மணி பஸ்ஸில் டீச்சர் மறுபடியும் திருப்பதிக்குப் போனாள், வாக்குக் கொடுத்தபடி குழந்தையைச் சேர்க்க. பாகாலை தாண்டியதும் தாட்சாயணி அவள் மடியில் சாய்ந்தாள். வெயிலில் காய்ந்த சந்தனம் புடவையில் பொடியாக உதிர்ந்தது. டீச்சர் தட்டிவிடவில்லை.

“லீவு எத்தினி நாள் டீச்சர்?”

“உனக்குப் பத்து நாள்.”

“உங்களுக்கு?”

டீச்சர் அந்த மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டு, கண்டக்டர் வருகிறாரா என்று முன்பக்கம் பார்த்தாள்.