ஐ டூவுக்கு முன்னால் ஒரு கோடு

எழில்மதி விழுந்தது கரும்புக் கொல்லை வரப்பில். எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தவள், காய்ந்த கரும்புச் சோகையில் கால் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டாள். தூக்குச்சட்டிச் சோறு ஒரு பருக்கை சிந்தவில்லை. மணிக்கட்டுதான் உடைந்தது. கள்ளக்குறிச்சி ஆசுபத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது.

என் மகள் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்தவள். ஒரே ஒரு பாடம் அரியர், சர்க்யூட் கணக்கு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. ஜூனுக்குள் அரியரை முடித்தால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்று கடுதாசி போட்டிருந்தார்கள். அந்தக் கடுதாசியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்கு அரை மணி நேரம் ஆனது.

காலேஜுக்குப் போய்க் கேட்டோம். அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் அந்த ஆள் அவளைவிடக் கம்மியாகப் படித்திருக்க வேண்டும், பாடம் தெரிந்திருக்கக் கூடாது.

"அப்படி யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"என்னவிட கம்மியா படிச்ச ஆள இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?" என்றேன். "நாப்பத்தோரு வயசுல தாங்க அ, ஆ கத்துக்கினேன். எழுத்து முத்தா இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். ஒரு தாளைக் கொடுத்து, என் பேரை எழுதிக் காட்டச் சொன்னார். செல்லியம்மாள் என்று எழுதினேன். 'ல்'லும் 'லி'யும் ஒரே உயரத்தில் நின்றன. கொஞ்ச நேரம் பார்த்தார், சரி என்றார். பக்கத்திலேயே ஒரு சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார், நானாக ஒரு வார்த்தை சொன்னாலும் பேப்பரைப் பிடுங்கிவிடுவார் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து கரும்பு வெட்டி வந்த கையைக் கழுவிவிட்டுப் பேனாவைப் பிடித்தேன். கொடுவாள் பிடித்த கைக்குப் பேனா நிற்காது, நழுவும். பேனாவில் துணியைச் சுற்றிக்கொண்டேன். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால் எனக்குப் புதிதாக வேண்டியிருந்தது வி, ஐ, ஆர் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துத்தான். ரெசிஸ்டர் என்பதைக் கருக்கரிவாள் பல் மாதிரி வரைந்தேன். ஓம் என்கிற குறி குதிரை லாடம்.

கணக்கின் வழி இதுதான். கம்பிகள் கூடுகிற இடம் கணு. அந்தக் கணுவுக்குள் எவ்வளவு கரண்ட் வருகிறதோ அவ்வளவும் வெளியே போய்விட வேண்டும்.

"கச்சிராயபாளையம் முக்கூட்டுல கரும்பு டிராக்டர் வர்ற மாதிரிம்மா" என்றாள் எழில். "வந்தது அத்தனையும் போவணும். ஒண்ணு நின்னாலும் ரோடு அடைச்சிக்கும்."

அது எனக்குப் புரிந்தது. எந்தக் கம்பியில் எந்தப் பக்கம் போகும் என்று முதலில் தெரியாதாம். ஒரு குத்துமதிப்பாக அம்புக்குறி போட்டுவிட்டுக் கணக்கை ஆரம்பிக்க வேண்டுமாம்.

நான்காம் நாள் அவள் என் நோட்டைப் பார்த்துக் கத்தினாள். "யம்மா! மைனஸ் எங்க?"

"எது?"

"நம்பருக்கு முன்னாடி சின்னதா ஒரு கோடு போடச் சொன்னேனே, ஒரு எடத்துலகூட இல்ல!"

போடவில்லை, வேண்டுமென்றேதான். எங்கள் மேஸ்திரி நோட்டில் பேருக்கு நேரே சின்னக் கோடு போட்டால் அன்றைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளிலும் அந்தக் கோட்டை வாங்கியிருக்கிறேன். என் பெண் பேப்பரில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சொன்னதும் எழில் சிரிக்கவில்லை. "அது வரலன்னு அர்த்தம் இல்லம்மா. நாம போட்ட அம்புக்கு எதிர்ப்பக்கமா வந்துக்கினு இருக்குன்னு அர்த்தம். ஆளு வந்துட்டாங்க. வழிதான் வேற."

அதன்பிறகு ஒரு கோட்டையும் நான் விடவில்லை.

பரீட்சை அன்று தனி ரூம். சூப்பர்வைசர் தீனதயாளன் சார் என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். எழில் எதிரில். இரண்டு மணி நேரம் அவள் சொல்ல, நான் எழுதினேன். கை கெஞ்சியது. கடைசியில் பெரிய கணக்கு. இடது பக்கம் இருபத்துநாலு வோல்ட், நாலு ஓம். வலது பக்கம் பத்து வோல்ட், ரெண்டு ஓம். நடுவில் ஆறு ஓம் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கத்து அம்பையும் உள்ளே வருகிற மாதிரி போடச் சொன்னாள், நடு அம்பை வெளியே. இடது கரண்ட் ஐ ஒன், வலது ஐ டூ, நடு ஐ த்ரீ. கணுவில் பன்னிரண்டு வோல்ட் வந்தது.

"ஐ ஒன், மூணு ஆம்பியர்" என்றாள். எழுதினேன். "ஐ டூ, ஒரு ஆம்பியர். ஐ த்ரீ, ரெண்டு ஆம்பியர்."

பேனா நின்றுவிட்டது. மூன்று உள்ளே வந்தது, ஒன்று உள்ளே வந்தது. வெளியே போவது இரண்டுதானா? முக்கூட்டில் டிராக்டர் நிற்கிறது. எந்த இடத்தில் கோடு போக வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. வலது பக்கத்துப் பத்து வோல்ட் கணுவின் பன்னிரண்டைவிடக் கம்மி, கரண்ட் அந்தப் பக்கமாக வெளியேதான் போகும்.

"இன்னாம்மா நிறுத்திட்டீங்க? எழுதுங்க" என்றார் சார்.

ஒரு கோடு, நெல் நீளம்தான். போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதைப் போட்டால் கணக்குப் போட்டது நான் என்று ஆகும். மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தது அவள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. "சார், எழுதினத ஒருக்கா படிச்சுக் காட்டலாங்களா?" என்று கேட்டேன்.

"காட்டலாம். இருக்கறத மட்டும் படிக்கணும்."

எனக்கு வேகமாகப் படிக்க வராது. வரிக்குக் கீழே விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத்தான் நகருவேன். நான் அ, ஆ கற்ற வகுப்பில் மற்றப் பெண்கள் அதற்குக் கேலி செய்திருக்கிறார்கள். அன்றும் அப்படித்தான் படித்தேன். அந்த இடம் வந்தபோது குரல் ஏறிவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சாரின் கண் என் வாயிலேயே இருந்தது.

"ஐ... ஒன்... மூ...ணு... ஆம்...பி...யர். ஐ... டூ... ஒ...ரு... ஆம்...பி...யர். ஐ... த்ரீ... ரெண்...டு..."

விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"இரும்மா, இரும்மா!" எழில் கட்டுப் போட்ட கையாலேயே மேஜையைத் தட்டினாள். "மூணும் ஒண்ணும் வந்தா ரெண்டு எப்டி போவும்? ஐ டூவுக்கு முன்னாடி மைனஸ் போடும்மா. அம்புக்கு எதிரா போவுது. அந்தப் பேட்டரி கரண்ட்ட குடுக்கல, வாங்கிக்கினு இருக்கு. அதையும் கீழ எழுது."

எழுதினேன். அந்தக் கோட்டைப் போல அழகான கோட்டை நான் போட்டதில்லை.

பேப்பரை வாங்கும்போது சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிதாம்மா?"

"நான் எழுத வந்தவ சார்" என்றேன்.

ரிசல்ட் வந்த அன்று சின்னக்கண்ணு என்கிறவர் கொல்லையில் கரும்புக் கட்டைத் தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். எழில் வரப்பிலேயே ஓடிவந்தாள், மறுபடியும்.

"பாத்துடீ, மெதுவா! இன்னொரு கைக்கு என்னால எழுத முடியாது!"

"பாஸும்மா! அறுபத்தெட்டு!"

கட்டைக் கீழே போட்டேன். என்னோடு வெட்டுகிற ஜெயம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டி செல்லி, எழுதினது நீதான? அப்ப பாஸானது நீயா, அவளா?"

"கணக்கு அவுளுது. கையெழுத்து என்னுது."

"அப்ப வேலைக்கி நீயும் போவியா?"

"பேனாவுல துணி சுத்தித் தருவாங்களான்னு கேட்டுக்கினு வரச் சொல்லியிருக்கேன்" என்றேன். கொல்லை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார், டிராக்டர் காத்திருக்கிறதாம். எழில் இடது கையால் ஒரு பக்கம் பிடிக்க, கட்டைத் தலைக்குத் தூக்கினேன்.